கல்லூரி மாறினா ஒரு வருஷம் பெஞ்ச்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு நூற்றாண்டுச் சண்டை (நீண்ட இழை)

1/
மெடிக்கல் சீட் கிடைச்சதும் "பாதியில விட்டுட்டுப் போனா இவ்வளவு லட்சம் கட்டுறேன்"னு பாண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டது நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இன்னைக்கு அது மாதிரி ஒரு கட்டுப்பாட்டோட கதை. நம்ம ஊர்க் கதை இல்லை, அமெரிக்காவில் நடந்தது. அங்கே கல்லூரிக்காக விளையாடும் மாணவர் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் மேட்ச் ஆடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக விதி இருந்தது.

2/
அப்படித் தடுக்கும் உரிமை கல்லூரிக்கு இருக்கலாமா? விளையாட்டு ரசிகர்கள் பேச வேண்டிய விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனா இதோட பழைய வழக்குகளைத் தேடிப் படிச்சா, வேர் ஒரு தலைக்காயத்திலும் ஒரு கழுத்துத் தண்டுவட முறிவிலும் போய் நிற்குது. அதனாலதான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

3/
முதல்ல பின்னணி. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுன்னா நம்ம ஸோனல் மீட் மாதிரி நினைச்சுடாதீங்க. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசு சம்பளப் பட்டியலில் முதல் இடம் கவர்னருக்கு இல்லை, கல்லூரி கோச்சுக்கு. டிவி ஒப்பந்தங்கள் பில்லியன் டாலர் கணக்கு. ஆடும் பசங்களுக்கு மட்டும் 2021 வரை ஸ்காலர்ஷிப்பும் அதைச் சார்ந்த சில உதவிகளும்தான்.

4/
கதை 1896ல ஆரம்பிக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிச்சுக்கிட்டிருந்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரர். (இந்த இழையில் ஃபுட்பால்னா அமெரிக்கன் ஃபுட்பால், தலையும் தோளும் முட்டி மோதுற ஆட்டம்.) அந்த அக்டோபரில் அவர் திடீர்னு பென்சில்வேனியாவில் இருக்கும் லாஃபயெட் கல்லூரிக்கு "மாறினார்". சரியா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட பெரிய மேட்ச் நடக்கிற நேரம்.

5/
தொடர்ந்து ஜெயிச்சுக்கிட்டே வந்த பென்சில்வேனியாவை லாஃபயெட் 6-4ன்னு தோற்கடிச்சது. யோஸ்ட் அப்புறம் பேசாமல் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கே திரும்பிப் போய் சட்டப் படிப்பை முடித்தார். பின்னாளில் மிச்சிகனின் புகழ்பெற்ற கோச்சும் இவரேதான். அந்தக் காலத்தில் இப்படி ஊர் ஊராப் போய் ஆடுபவர்கள் நிறைய. "நாடோடி ஆட்டக்காரர்கள்" என்றே அவர்களுக்குப் பெயர்.

6/
அதனால ஆரம்பத்தில் கட்டுப்பாடு வந்ததில் நியாயம் இருந்தது. 1895ல் மத்திய மேற்குப் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோவில் கூடினார்கள். பின்னாளில் பிக் டென் என்று பெயர் பெற்ற கூட்டமைப்புக்கு அதுதான் தொடக்கம். கல்லூரி மாறி வந்தவர் சில காலம் அங்கே உண்மையாகவே படித்த பிறகுதான் ஆடலாம் என்பது அவர்களின் ஆரம்ப விதிகளில் ஒன்று. ஆடுறவன் மாணவனா இருக்கணும் என்பதுதான் அதன் நோக்கம். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

7/
அடுத்தது 1905. அந்த சீசனில் மட்டும் 18 பேர் ஃபுட்பால் ஆடி இறந்ததாக ஒரு சிகாகோ பத்திரிகை கணக்குப் போட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சரிசெய்யச் சொன்னார். 1906ல் கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1910ல் அதற்கு என்சிஏஏ என்று பெயர் மாறியது. ஆட்டக்காரர் உயிரைக் காப்பாற்றப் பிறந்த அமைப்பு இது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

8/
இப்போ நேரா 1950களுக்கு வருவோம். டென்வர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் நெமெத் என்ற ஃபுட்பால் ஆட்டக்காரருக்குப் பயிற்சியில் முதுகில் அடி. வளாகத்தில் அவருக்கு டென்னிஸ் கோர்ட்டைப் பராமரிக்கும் வேலை, மாசம் 50 டாலர். டீமில் இருந்தால்தான் அந்த வேலை. அதனால் அவர் பணியாளர்தான், காயத்துக்கு இழப்பீடு உண்டு என்று 1953ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

9/
கல்லூரிகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அடுத்து, அதே கொலராடோவில் 1955. ஃபோர்ட் லூயிஸ் ஏ&எம் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் மேட்ச்சில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டார். 1957ல் அதே உச்ச நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை என்பது அதன் வாதம்.

10/
இந்தக் காலகட்டத்தில்தான் என்சிஏஏவின் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸும் அவருடைய வக்கீல்களும் ஒரு சொல்லை உருவாக்கினார்கள். "மாணவ விளையாட்டு வீரர்". கேட்க எவ்வளவு அழகா இருக்கு! ஆட்டக்காரரை எந்த நீதிமன்றமும் பணியாளர்னு சொல்லிடக் கூடாது, அதுக்காகத்தான் அந்தச் சொல் என்று பையர்ஸே பின்னாளில் எழுதினார். நம்ம கதையின் கேஸ் ஷீட்டில் இதுதான் முக்கியமான வரி.

11/
1956 வாக்கில் என்சிஏஏ விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை முறையாக அனுமதித்தது. படிப்புக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம், துணி துவைக்க மாசம் 15 டாலர். வேலை கொடுத்தால்தானே நெமெத் மாதிரி வழக்கு வரும்? இது வேலை இல்லை, கல்வி உதவி. கேட்டால் காகிதத்தைக் காட்டலாம்.

12/
1973ல் இன்னொரு திருகு. அதுவரை நான்கு வருஷத்துக்குக் கொடுக்க முடிந்த ஸ்காலர்ஷிப்பை ஒரே வருஷமாக்கினார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கோச்சுக்குப் பிடிக்கலைன்னாலோ, முட்டி போயிட்டாலோ, அடுத்த வருஷம் கிடையாது. பல வருஷங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மறுபடி அனுமதிக்க 2012 ஆகிவிட்டது.

13/
அந்த ஒரு வருஷ ஸ்காலர்ஷிப்பில் ஆடியவர்தான் ஃப்ரெட் ரென்சிங், இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். 1976 ஏப்ரல், பயிற்சியில் ஒருவரை மோதிப் பிடிக்கும்போது கழுத்து எலும்பு முறிந்து இடம் விலகித் தண்டுவடம் சேதம். கை கால் நான்கும் செயலிழந்தன. கழுத்து மட்டத்தில் தண்டுவடம் போனால் என்னென்ன போகும்னு நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர், படுக்கைப் புண், மூச்சு, எல்லாமே வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு.

14/
ரென்சிங் இழப்பீடு கேட்டார். இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982ல் அவர் பக்கம் நின்றது. 1983ல் இண்டியானா உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. அவர் மாணவர், பணியாளர் இல்லை. ஸ்காலர்ஷிப் சம்பளம் இல்லை. முடிஞ்சது.

15/
சரி, "மாணவர்தான்"னு முடிவாயிடுச்சு. அப்போ ஒரு சாதாரண மாணவருக்கு இருக்கும் உரிமை அவருக்கும் இருக்கணும் இல்லையா? கெமிஸ்ட்ரி படிக்கிறவர் கல்லூரி மாறினால் "ஒரு வருஷம் லேபுக்குள் வராதே"ன்னு யாரும் சொல்வதில்லை. இசைக்கான ஸ்காலர்ஷிப்பில் வயலின் வாசிக்கிறவர் மாறினால் அடுத்த வாரமே புது கல்லூரி மேடையில் வாசிக்கலாம். ஆட்டக்காரருக்கு மட்டும் ஒரு வருஷம் பெஞ்ச்.

16/
அதோட விடலை. வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேணும். அனுமதி இல்லாமல் போனால் முதல் வருஷம் அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. எந்தெந்தக் கல்லூரிக்குப் போகக் கூடாதுன்னு பழைய கோச் பட்டியலே போடலாம். இந்த அனுமதிச் சீட்டு முறை 2018 வரை இருந்தது.

17/
எதிர்த் தரப்பையும் நியாயமாகச் சொல்லணும். என்சிஏஏ சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, புது இடத்தில் படிப்பில் காலூன்ற ஒரு வருஷம் தேவை. இரண்டு, தடை இல்லைன்னா பெரிய கல்லூரிகள் சின்ன கல்லூரிகளின் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிடும். மூன்று, டீம் என்பது கூட்டு முயற்சி, மூன்று வருஷம் வளர்த்த ஆள் திடீர்னு போனால் மற்ற பசங்களுக்கும் நஷ்டம்.

18/
மூன்றாவதில் உண்மை இருக்கு. இரண்டாவதிலும் ஓரளவு இருக்கு. முதலாவதுதான் தேறாது. ஏன்னா கடைசிக் காலத்தில் அந்த ஒரு வருஷ விதி ஐந்தே ஆட்டங்களுக்குத்தான் முழுசாப் பொருந்தியது: ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பால், பெண்கள் பாஸ்கெட்பால், பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி. நீச்சல், டென்னிஸ், கோல்ஃப் பசங்க பெரும்பாலும் ஒரு தடவை உடனே மாறி ஆடலாம். அவங்களுக்கு மட்டும் காலூன்ற நேரம் வேண்டாமா? படிப்புதான் கவலைன்னா, பெரிய பணம் வரும் ஆட்டங்களில் மட்டும் ஏன் அந்தக் கவலை?

19/
இந்த அதிகாரம் கையில் இருந்தால் என்ன நடக்கும்னு பாருங்க. 2011: டாட் ஓ'பிரையன், செயின்ட் ஜோசஃப்ஸ் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் ஆட்டக்காரர். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கி முடிச்சாச்சு. மேற்படிப்புக்கு அலபாமாவில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் போனார். பட்டதாரிகள் மாறி உடனே ஆட விதியிலேயே வழி இருந்தது, பழைய கல்லூரி சரின்னு சொன்னா. அது சொல்லலை. என்சிஏஏவும் கைவிட்டது. படித்து முடித்துக் கொடுத்தவனையே பிடித்து வைத்தார்கள்.

20/
2013: பேக்கர் மேஃபீல்ட், டெக்சாஸ் டெக். ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் சேர்ந்து முதல் மேட்ச்சிலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். ஓக்லஹோமாவுக்கு மாறினார். பழைய கல்லூரி விடுவிக்கலை, 2014 முழுக்க உட்கார்ந்தார். அதே கூட்டமைப்புக்குள் மாறியதால் ஆடத் தகுதியான ஒரு வருஷமும் பறிபோனது. 2016ல் அந்தக் கூட்டமைப்பு விதியைத் திருத்தியது, அதுவும் முதல் ஓட்டெடுப்பில் தோற்று மறுநாள்தான் நிறைவேறியது. 2017ல் அவர்தான் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். ஒரு பைசா கொடுக்காத கல்லூரிக்கு அவர் மேல் என்ன உரிமை?

21/
2017: கோரி சட்டன், கேன்சஸ் ஸ்டேட். போக விரும்பும் 35 கல்லூரிகளின் பட்டியலைக் கொடுத்தார், 35ம் மறுக்கப்பட்டதுன்னு சொன்னார். கோச் பில் ஸ்னைடர் பேட்டியில் அந்தப் பையனின் போதைப் பொருள் சோதனை முடிவைப் பற்றியே பேசிவிட்டார். அப்புறம் மன்னிப்புக் கேட்டு விடுவித்தார்கள். ஒரு டாக்டரா இந்த இடம்தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. சோதனை முடிவு என்பது ரகசியம். போறேன்னு சொன்னதுக்காக அதை மைக் முன்னாடி எடுத்துப் போடக் கூடாது.

22/
கோச்சுகளுக்கு? ஒரு கட்டுப்பாடும் இல்லை. லேன் கிஃபின் டென்னசியில் ஒரே சீசன் முடிச்சிட்டு 2010 ஜனவரியில் யுஎஸ்சி போனார். 2021 நவம்பரில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யுஎஸ்சிக்கும், பிரையன் கெல்லி நோட்டர் டேமை விட்டு எல்எஸ்யூவுக்கும் அடுத்தடுத்துக் கிளம்பினார்கள். "இந்த கோச்சை நம்பித்தான் வந்தேன்"னு சேர்ந்த பையன் மாட்டிக்கிட்டு நிப்பான். கோச் ஒரு நாள்கூட பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

23/
தொழில்முறை விளையாட்டில் இந்தச் சண்டை முன்னாடியே நடந்து முடிஞ்சது. பேஸ்பாலில் கர்ட் ஃப்ளட், 1969ல் தன்னைக் கேட்காமல் வேறு கிளப்புக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1972ல் 5-3 என்று தோற்றார். ஆனா 1975ல் ஒரு நடுவர் தீர்ப்பு அந்தப் பழைய முறையை உடைத்தது. ஐரோப்பாவில் 1995 டிசம்பரில், ஒப்பந்தம் முடிந்த கால்பந்து வீரருக்குப் பழைய கிளப் விலை கேட்கக் கூடாதுன்னு போஸ்மன் வழக்கில் தீர்ப்பு வந்தது.

24/
இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பேஸ்பாலில் இன்னைக்கும் முழுச் சுதந்திரம் இல்லை. மேஜர் லீக்கில் ஆறு வருஷ சேவை முடிஞ்சால்தான் விரும்பிய இடம் போகலாம். ஆனா அந்த ஆறு வருஷம் வீரர்கள் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அவர்களுக்கு குறைந்தபட்ச சம்பளம், பென்ஷன், மருத்துவம் எல்லாம் உண்டு. கல்லூரிப் பசங்களிடம் யாரும் எதையும் கேட்கலை. சங்கம் வைக்கவும் விடலை.

25/
வைக்கப் பார்த்தார்கள். 2014ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் சங்கம் கேட்டபோது அவங்க முன்வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று மருத்துவச் செலவு, ஆட்டம் முடிஞ்ச பிறகும் காயத்துக்குச் சிகிச்சை. மண்டல தொழிலாளர் அதிகாரி அவர்கள் பணியாளர்கள்தான்னு சொன்னார். 2015ல் தேசிய வாரியம் "இதில் நாங்க தலையிடலை"ன்னு ஒதுங்கிடுச்சு. டென்னிசன் குடும்பம் கேட்டு 60 வருஷம் ஆகியும் கேள்வி அதே இடத்தில்.

26/
நீதிமன்றமும் ரொம்ப நாள் என்சிஏஏ பக்கம்தான். 2018 ஜூனில் பீட்டர் டெப்பி என்ற நார்தர்ன் இல்லினாய் ஆட்டக்காரரின் வழக்கில், ஒரு வருஷ விதி சரிதான்னு ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது. அதற்கு அடிப்படை 1984ல் உச்ச நீதிமன்றம் டிவி ஒளிபரப்பு பற்றிய வழக்கில் அமெச்சூர் மரபைப் பாராட்டி எழுதிய சில வரிகள். அந்த வழக்கில் என்சிஏஏ தோற்றது என்பதுதான் வேடிக்கை!

27/
அதே 2018 அக்டோபரில் அனுமதிச் சீட்டு ஒழிந்தது. மாணவர் "போறேன்"னு சொன்னா இரண்டு வேலை நாளில் கல்லூரி அவர் பெயரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஏற்றியாகணும். 2021 ஏப்ரலில் எல்லா ஆட்டத்துக்கும் ஒரு தடவை உடனே மாறி ஆடும் உரிமை. அந்த ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்.

28/
கடைசி அடி 2023 டிசம்பரில். ரேக்வான் பேட்டில், பாஸ்கெட்பால். வாஷிங்டனில் இருந்து மொன்டானா ஸ்டேட், அங்கிருந்து வெஸ்ட் வர்ஜீனியா. இரண்டாவது மாற்றம் என்பதால் பெஞ்ச். மனநலக் காரணம் சொல்லி விலக்குக் கேட்டார், மறுத்தார்கள். இத்தனைக்கும் மொன்டானாவில் அவர் கோச் வேறு வேலைக்குப் போயிருந்தார். வெஸ்ட் வர்ஜீனியாவில் அவரைச் சேர்த்த கோச்சும் சீசனுக்கு முன்பே பதவி விலகியிருந்தார்.

29/
ஒஹாயோ தலைமையில் ஏழு மாநிலங்கள் வழக்குப் போட்டன. வெஸ்ட் வர்ஜீனியா ஃபெடரல் நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி தடை கொடுத்தார், பேட்டில் ஆடினார். ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையே மாநிலங்களோடு சேர்ந்தது. 2024 ஏப்ரலில் என்சிஏஏ தானாகவே இறங்கி வந்தது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம். 1896ல் யோஸ்ட் போன வெஸ்ட் வர்ஜீனியாவிலேயே 127 வருஷம் கழிச்சு அந்த விதி விழுந்தது.

30/
எல்லாம் சுபமா? இல்லை. நாலு வருஷத்தில் நாலு கல்லூரி என்று போகும் பசங்க இருக்காங்க. மாறும்போது பழைய பாடங்களின் கிரெடிட் எல்லாம் சேராது, பட்டம் தள்ளிப் போகும். போர்ட்டலில் பெயர் கொடுத்துட்டு ஒரு இடமும் கிடைக்காமல் நிற்பவர்களும் உண்டு. முட்டி லிகமென்ட் ஆபரேஷன் ஆன ஒருத்தருக்கு மறுபடி ஆட ஒன்பது மாசமாவது ஆகும். நடுவில் டாக்டரும் பிசியோவும் மாறினால் நல்லதில்லை.

31/
இதைக் காட்டி "பழைய தடை திரும்ப வரணும்"னு இப்போ குரல் கேட்குது. வேறு வடிவில் வந்தும்விட்டது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசம் மூலம் கல்லூரிகள் ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாச்சு, முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. அந்தப் பணத்தோட ஒப்பந்தம் வரும், ஒப்பந்தத்தோட "முன்னாடியே போனா" என்ற ஷரத்தும் வரும். விஸ்கான்சினின் சேவியர் லூகாஸ் 2024 டிசம்பரில் கேட்டபோது, இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கார்னு சொல்லி அவர் பெயரைப் போர்ட்டலில் ஏற்றலை. அவர் சாதாரண மாணவராக மயாமியில் போய்ச் சேர்ந்து ஆடினார். விஸ்கான்சின் மயாமி மேல் வழக்குப் போட்டது.

32/
என் கருத்து இதுதான். மாறுவதைக் கட்டுப்படுத்துறதே பாவம் இல்லை. யார், எதற்குப் பதிலாக, யார் சம்மதத்தோட கட்டுப்படுத்துறாங்க என்பதுதான் விஷயம். ஒரு நூற்றாண்டா கல்லூரிகள் இரண்டு பக்கமும் பேசின. காயத்துக்குக் காசு கேட்டால் "நீ மாணவன்". வேற கல்லூரிக்குப் போறேன்னா "நீ எங்க ஆள்".

33/
மாணவர்னா மற்ற மாணவர் போல அவர் போகட்டும். இல்லை, பிடிச்சு வைக்கணும்னா, பணியாளர்னு ஒத்துக்கிட்டு அவங்க சங்கத்தோட பேசுங்க: எத்தனை வருஷம், எவ்வளவு பணம், அடிபட்டால் எத்தனை காலம் சிகிச்சை. 2024 ஆகஸ்டில் இருந்து முதல் பிரிவுக் கல்லூரிகள், ஆட்டம் முடிந்து இரண்டு வருஷம் வரை விளையாட்டுக் காயத்துக்கான மருத்துவச் செலவை ஏற்கணும் என்று விதி வந்திருக்கு. நல்லது. ஆனா ரென்சிங் மாதிரிக் காயத்துக்கு இரண்டு வருஷம் எந்த மூலைக்கு?

34/
வால்டர் பையர்ஸ் 1980களின் கடைசியில் ஓய்வு பெற்றார். 1995ல் எழுதிய புத்தகத்தில், தான் கட்டிய அமைப்பே பசங்களைச் சுரண்டுதுன்னு எழுதினார். கட்டினவரே சொன்னதுக்கப்புறம் அந்த விதி முழுசா விழ இன்னும் 29 வருஷம் ஆச்சு.

விளையாட்டுக் காயத்தோட கல்லூரியில் படிச்சவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தைக் கீழே எழுதுங்க, படிக்கிறேன்.